நூல் டப்பாவில் இரும்பு மாத்திரை

இரண்டு எண்கள் ரொம்ப நாளாக என் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. இரண்டுமே ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் (2019–21) தமிழ்நாட்டுக்கு வந்தவை. ஒன்று 99.6. இங்கே நூறு பிரசவம் நடந்தால் ஏறக்குறைய நூறும் மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோதான் நடக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று 53.4. பதினைந்திலிருந்து நாற்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களில் இத்தனை சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 55. நாலைந்து வருஷத்தில் ஒன்றரைப் புள்ளி இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கர்ப்பிணிகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் இறங்கவே இல்லை. 44-லிருந்து 48-க்கு ஏறியிருக்கிறது.

ஒரே மாநிலம், ஒரே சுகாதாரத் துறை. இரண்டு வேலையையும் வீட்டுவாசல் வரை கொண்டுபோகிறவரும் ஒரே ஆள்தான்: கிராம சுகாதார செவிலியர். ஒன்றில் நூற்றுக்கு நூறு, இன்னொன்றில் பாதிக்கிணறு. இது எப்படி?

இதற்கு எனக்குக் கிடைத்த பாதி பதில், ஆழ்வார்குறிச்சியில் என் சித்தி வீட்டுக்கு நாலு நாள் போயிருந்தபோது கிடைத்தது. அங்கே வரும் செவிலியர் சித்திக்குப் பழக்கம். 'கூட வாரதுன்னா வாங்க, ஆனா வாய் பேசக்கூடாது' என்று சொல்லி இரண்டு நாள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஐம்பதைத் தாண்டியவர். ஊரில் எல்லாருக்கும் நர்சம்மா.

ஆழ்வார்குறிச்சியைத் தெரியாதவர்களுக்கு: திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகிற ரயிலில் அம்பாசமுத்திரம் தாண்டினால் வரும். மேற்கே சிவசைலம், கடனாநதி, அதற்குப் பின்னால் மலை. பச்சையாக இருக்கும், படம் எடுக்கத் தோன்றும். ஆனால் தெருவுக்குள் நடந்தால் முதலில் தெரிவது வாசனைதான். புகையிலைத் தூள். இந்தப் பக்கம் கடையம், முக்கூடல், பாப்பாக்குடி வட்டாரம் முழுக்கப் பெண்கள் கையில் இருக்கிற தொழில் பீடி. திண்ணையில், தார்சாவில், வேப்பமர நிழலில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டே இருப்பார்கள். பேச்சு நடக்கும், டிவி ஓடும், கை நிற்காது.

வேலை எப்படியென்றால், கடையிலிருந்து இலையும் தூளும் எடை போட்டு வாங்கி வர வேண்டும். இலையை நனைத்து, பதம் வந்ததும் அளவுத் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்ட வேண்டும். தூளை வைத்துச் சுருட்டி, வாயை மடக்கி, நூல் கட்டி, கட்டாக்கித் திரும்பக் கடையில் கொடுக்க வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. ஒரு பெண் வீட்டு வேலைக்கு நடுவே நாளைக்கு ஐந்நூறிலிருந்து ஆயிரம் வரை சுற்றுவார். கொடுத்த இலைக்கு இத்தனை பீடி வந்தாக வேண்டும். இலை மோசமாக இருந்து குறைந்தால் கைக்காசில் இலை வாங்கி ஈடுகட்ட வேண்டும். சரியில்லாத பீடியைக் கழித்துவிடுவார்கள். அதனால் இவர்களுக்கு நேரம் என்பது மணிக்கணக்கு இல்லை, பீடிக்கணக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் இனி சொல்லப்போவது புரியும்.

முதல் நாள் மூன்றாவது வீடு. இருபத்திரண்டு வயதுப் பெண், ஆறாம் மாசம். ஹீமோகுளோபின் 8.4. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே இரத்தசோகைக் கணக்கு, 7-க்குக் கீழே போனால் கடுமையானது. 8.4 நடுவில் இருக்கிறது. உடனே ஆபத்து இல்லை, ஆனால் பிரசவத்தில் இரத்தப்போக்கு கொஞ்சம் அதிகமானால்கூட உடம்பு தாங்காது. நல்ல இரத்தம் உள்ள பெண் தாக்குப்பிடிக்கிற அளவு போக்கையே இவள் தாங்க மாட்டாள். மருத்துவமனையில் பிரசவம் நடப்பதாலேயே இந்த விஷயம் சரியாகிவிடாது. அங்கே போய்ச் சேரும்போது உடம்பில் என்ன இருப்பு இருக்கிறது என்பதுதான் பேச்சு.

நான் எதிர்பார்த்தது ஒரு சிறு பிரசங்கம். பள்ளிக்கூடத்திலிருந்து நாம் கேட்டுவந்த வகை: கீரை சாப்பிடு, மாத்திரை போடு, ஓய்வெடு. நர்சம்மா அதில் ஒன்றும் சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்தார். பக்கத்தில் கிடந்த கத்தரியை எடுத்து இலை வெட்ட ஆரம்பித்தார். அவர் அம்மாவும் பீடி சுற்றியவராம், கை பழகியிருந்தது. பத்து நிமிஷம் இலை வெட்டிக்கொண்டே ஊர்க்கதை. பிறகுதான்:

'மாத்திரை போடுதியாட்டி?'

'போடுதேன் நர்சம்மா.'

'எப்பப் போடுத?'

'காலைல டீ குடிக்கும்போதே போட்டுருதேன்.'

'தெனமுமா?'

கை கொஞ்சம் மெதுவானது. 'வயித்தப் பெரட்டுது. ஒருநாள் விட்டு ஒருநாள்…' அப்புறம் இன்னும் மெதுவாக, 'வெளிக்கி கறுப்பாப் போகுது. பிள்ளையும் கறுப்பாப் பொறக்கும்னு அத்தை சொல்லுதாவ.'

நர்சம்மா சிரித்துவிட்டார். 'ஏட்டி, டீயோட போட்டா மாத்திரை ரத்தத்துக்கு எங்க போகுது? பாதி வெளிக்கித்தான் போகுது. அதான் கறுப்பா இருக்கு. பிள்ளைக்குப் போய்ச் சேரவே இல்ல, அது எப்படிக் கறுக்கும்?' உள்ளே அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. மாமியார் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. அந்தப் பதிலில் பாதி அவருக்காகச் சொன்னதுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் வேதியியல். தேயிலையிலும் காப்பியிலும் இருக்கிற டானின் போன்ற பொருட்கள் குடலில் இரும்போடு ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய இரும்பை உடம்பு உறிஞ்ச முடியாது. கீரை, பருப்பு, தானியத்தில் இருக்கிற இரும்புக்கும் இதே கதை. ஏற்கெனவே தாவர இரும்பு உடம்பில் சேர்வது குறைவு, அதன்மேல் டீயும் சேர்ந்தால் இன்னும் குறைகிறது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் இரும்போடு மல்லுக்கட்டும், அதனால் இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது. எதிர்ப்பக்கம், எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா மாதிரி வைட்டமின் சி உள்ளவை இரும்பு சேர்வதற்கு உதவும். ஆட்டு ஈரல், சுவரொட்டியில் இருக்கும் இரும்பு வேறு வகை, சுலபமாகச் சேரும். 'ரத்தம் ஊற சுவரொட்டி வாங்கிக் கொடு' என்று நம்ம ஊர்க் கிழவிகள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. முருங்கைக்கீரையை மட்டும் நம்பச் சொல்கிற வாட்ஸாப் வைத்தியத்தைவிட அதில் விஷயம் அதிகம் என்பது என் கட்சி. உறிஞ்சப்படாத இரும்பு மலத்தைக் கறுப்பாக்கும். பயப்பட ஒன்றுமில்லை.

பீடி சுற்றும் பெண்ணுக்கு டீ சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் பதிலாக இருக்கிறது. எழுந்துபோய் ஆக்கிச் சாப்பிட அரைமணி நேரம் ஆகும், டீ உட்கார்ந்த இடத்துக்கு வரும். நாளைக்கு நாலு, ஐந்து. பசியை அமர்த்தும், தூக்கத்தைத் தள்ளும். அவளிடம் போய் 'டீயை விடு' என்று சொல்வது 'பீடியை விடு' என்று சொல்வதற்குச் சமம். நர்சம்மா இரண்டையும் சொல்லவில்லை. 'டீ குடி. மாத்திரைய மட்டும் டீக்குப் பக்கத்துல கொண்டு போகாத' என்றார். மத்தியானம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒன்று, ராத்திரி படுக்கப் போகுமுன் ஒன்று. ராத்திரி போட்டால் பெரட்டுவது தூக்கத்தில் தெரியாது. சுண்ணாம்பு மாத்திரை காலைச் சாப்பாட்டோடு. 'ஒரு மாசம் ஒழுங்காப் போடு. ஏறலன்னா அப்புறம் ஊசிதான். அதுக்கு நாலஞ்சு தடவை ஆஸ்பத்திரிக்கு வரணும், எத்தன நாள் பீடி போகும்னு நீயே கணக்குப் போட்டுக்க.'

பிறகு, 'மாத்திரை எங்க வச்சிருக்க?' பீரோவுக்குள், சேலைக்கு அடியில். மூன்று மாசத்து அட்டைகள், பாதிக்கு மேல் பிரிக்காமல். நர்சம்மா ஒரு அட்டையை எடுத்து, பக்கத்தில் இருந்த பீடி நூல் டப்பாவுக்குள் போட்டார். அந்த டப்பாவை அவள் நாளைக்கு நூறு தடவை திறப்பாள்.

அந்த வீட்டில் மொத்தம் நாற்பது நிமிஷம். திரும்பி நடக்கும்போது, 'ஒரு வீட்டுக்கு இவ்வளவு நேரம் ஆனா எப்படி முடிப்பீங்க?' என்று கேட்டேன். 'முடிக்க முடியாது. அதான் விஷயம்' என்றார்.

சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் மூவாயிரம் பேருக்கு ஒன்று என்பது கணக்கு. ஒரு நிலையத்துக்கு ஒரு கிராம சுகாதார செவிலியர். 1973-இல் கர்த்தார் சிங் குழு, மலேரியாவுக்கு ஒரு ஆள், அம்மைக்கு ஒரு ஆள், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒரு ஆள் என்று தனித்தனியாக இருந்ததை மாற்றிப் பல்நோக்குப் பணியாளர் முறையைச் சொன்னது. துணைச் செவிலி-மருத்துவச்சியாக இருந்தவர் அதிலிருந்து எல்லாவற்றுக்குமான ஆளானார். யோசனை நல்லதுதான், ஒரு குடும்பத்துக்கு ஒரு முகம். ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு திட்டமும் அந்த ஒரே பையில்தான் ஏறியது. இப்போது பகலில் பார்த்ததை ராத்திரி கணினியில் ஏற்றுவதும் அவர் வேலை.

இனி அந்த இரண்டு எண்களுக்கு வருகிறேன். பிரசவம் ஒரு நிகழ்ச்சி. அதற்கு ஒரு நாள் உண்டு, ஓர் இடம் உண்டு. அந்த இடத்தை அரசால் கட்ட முடியும், இருபத்திநாலு மணி நேரமும் செவிலியர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையம், 108 ஆம்புலன்ஸ் என்று. பெண்ணை அங்கே வரவைக்கப் பணமும் கொடுக்க முடியும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி 1987-இல் 300 ரூபாயாகத் தொடங்கியது. 2006-இல் 6,000, 2011-இல் 12,000, 2018-இல் 18,000. அதில் 4,000 ரூபாய் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமாக, மீதி தவணைகளில். பதிவு செய்தால் ஒரு தவணை, பிரசவம் ஆனால் ஒரு தவணை, தடுப்பூசி போட்டால் ஒரு தவணை. எல்லாம் நிகழ்ச்சிகள், எல்லாவற்றுக்கும் தேதி போடலாம், டிக் அடிக்கலாம். நன்றாகவே வேலை செய்தது. 2018–20 கணக்கில் ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54.

இரத்தசோகைக்குத் தேதி கிடையாது. ராத்திரி எட்டரை மணிக்கு, யாரும் பார்க்காத நேரத்தில், நூற்றெண்பது நாள் ஒரு மாத்திரையை விழுங்குவது. மாத்திரை கொடுத்ததைப் பதிவேட்டில் எழுதலாம், விழுங்கியதை எழுத முடியாது. அதற்கு ஒருவர் போய்த் தரையில் உட்கார வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரியில் எத்தனை கட்டில் கூட்டினாலும் அந்த நாற்பது நிமிஷத்துக்கு ஈடாகாது.

இது நம்ம ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. சமூக சுகாதாரச் செவிலியம் என்ற துறையே இந்த மாதிரி ஓர் அறையிலிருந்துதான் கிளம்பியது. 1893, நியூயார்க். லிலியன் வால்ட் என்ற இளம் செவிலியர், புலம்பெயர்ந்த ஏழைப் பெண்களுக்கு வீட்டு நோயாளியைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். படுக்கை விரிப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு சிறுமி வந்து, அம்மாவுக்கு முடியவில்லை என்று கூட்டிப்போனாள். பிரசவமாகி இரத்தப்போக்கோடு ஒரு பெண் அழுக்குக் கட்டிலில் கிடந்தாள். அதோடு வால்ட் வகுப்பை விட்டுவிட்டு அந்தக் குடியிருப்புப் பகுதிக்கே குடிபோனார். ஹென்றி தெரு இல்லம் அப்படி வந்தது. அந்தக் காலத்தில் அதே நகரத்தின் அடுக்குக் குடியிருப்புகளில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? சுருட்டு சுற்றினார்கள். படுக்கிற அறையிலேயே புகையிலை, பிள்ளைகள் பக்கத்தில், ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஜேக்கப் ரீஸ் 1890-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். படித்தபோது கடையம் தெரு மாதிரியே இருந்தது.

பிற்காலத்தில் இதற்கெல்லாம் கோட்பாடும் வந்தது. நோலா பெண்டர் 1982-இல் முன்வைத்த மாதிரியை இன்று நர்சிங் மாணவிகள் மனப்பாடம் செய்கிறார்கள். ஒருவர் நல்ல பழக்கத்துக்கு மாறுவாரா என்பது அதன் நன்மையை அவர் அறிந்திருப்பதை மட்டும் பொறுத்ததில்லை. குறுக்கே நிற்பதாக அவருக்குத் தெரிகிற தடை, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, சுற்றி இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்தது. பெரட்டல், கறுப்பு மலம், அத்தை: நம்ம வீட்டில் தடை இந்த மூன்று. நர்சம்மாவுக்குப் பெண்டரைத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பெரிதாக மாறியிருக்கும் என்று தோன்றவில்லை.

அத்தை என்றதும் இன்னொன்று. இன்று மாமியாராக இருக்கிற தலைமுறைக்குச் செவிலியர் மேல் ஒரு பழைய சந்தேகம் உண்டு. அவர்கள் வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் நர்ஸ் வந்தால் 'ஆபரேசனுக்கு ஆள் பிடிக்க வந்திருக்கா' என்றுதான் பேச்சு. ஒவ்வொரு செவிலியருக்கும் இத்தனை கருத்தடை அறுவை என்று இலக்கு இருந்தது. நாடு முழுவதும் அந்த இலக்கு முறை கைவிடப்பட்டது 1996-இல்தான். தன் கணக்கை முடிக்க வருகிறவரா, நம்ம பிள்ளையைப் பார்க்க வருகிறவரா என்று ஒரு வீடு தீர்மானிக்கப் பல வருஷம் ஆகும். இலை வெட்டிய அந்தப் பத்து நிமிஷத்தை நான் முதலில் வெறும் அரட்டை என்று நினைத்தேன்.

புகையிலையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பீடி குடிக்காத பெண்ணாக இருந்தாலும் சுற்றும்போது தூள் மூக்கில் போகிறது, நிகோடின் தோல் வழியாகவும் உள்ளே போகிறது. சுற்றுகிற பெண்களின் சிறுநீரைச் சோதித்தபோது, நிகோடின் உடம்பில் உடைந்து வருகிற கொட்டினின் அதில் இருந்தது. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் அதே காற்றுதான். இதற்கு நர்சம்மா சொல்வது சின்னச் சின்ன விஷயங்கள். தட்டை வாசல் பக்கம் போடு, காற்று இழுத்துக்கொண்டு போகட்டும். தொட்டிலை உள்ரூமில் கட்டு. பிள்ளைக்குப் பால் கொடுக்குமுன் சோப்புப் போட்டுக் கை கழுவு, முன்சேலையை மாற்று. இடுப்பு வலி என்கிறவளிடம் 'அரைமணிக்கு ஒருதடவை எந்திரி' என்று அவர் சொல்வதில்லை, கடிகாரத்தை யார் பார்க்கப் போகிறார்கள். 'நூறு பீடிக்கு ஒருதடவை எந்திரி' என்கிறார். ஏற்கெனவே எண்ணிக்கொண்டிருக்கிற கணக்கு, அதில் ஒன்றைக் கோத்துவிடுகிறார்.

இவையெல்லாம் போதுமா என்றால், போதாது. கூலி கூடாமல், வேறு வேலை வராமல் இதில் பாதி தீராது. பீடித் தொழிலாளர்களுக்காக 1976-இல் சட்டம் போட்டு, பீடி மேல் செஸ் வசூலித்து நல நிதி வைத்தார்கள். முக்கூடலில் அவர்களுக்கென்றே மத்திய அரசு மருத்துவமனை வந்தது அந்த ஏற்பாட்டில்தான். 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தச் செஸ் நின்றுவிட்டது. இனி அந்தப் பெண்களின் ஆரோக்கியத்துக்கான பணம், அவர்கள் சுற்றிய பீடியிலிருந்து நேராக வராது, ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒதுக்கினால் வரும். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வந்தபிறகு சர்க்கரை, இரத்தக்கொதிப்பு மாத்திரைகளை மகளிர் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்க வலி நிவாரணச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வண்டியில் வருகிறார்கள். சித்தியின் எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு அதனால் பெரிய நிம்மதி. ஆனால் வாசலில் மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போவது வேறு, உள்ளே வந்து உட்காருவது வேறு. இரண்டும் வேண்டும். இரண்டாவதுக்கு ஆள் குறைந்துகொண்டு வருகிறது என்பதுதான் என் கவலை. பாபநாசம் மலைமேல் காரையாறு அணைக்கு அந்தப் பக்கம் இஞ்சிக்குழியில் இருக்கிற காணி மக்கள் மாதிரியானவர்களுக்கு, அந்த இரண்டாவது வகைதான் ஒரே வகை. யாராவது கிளம்பிப் போய்ச் சேர்ந்தால்தான் உண்டு.

ஊருக்குத் திரும்பியபிறகு ஒன்றரை மாசம் கழித்து சித்தியிடம் போனில் விசாரித்தேன். அந்தப் பெண்ணுக்கு 9.6 ஏறியிருக்கிறதாம். ஊசி போட வேண்டிய அவசியம் வரவில்லை. ஆனால் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள், தலைப்பிரசவம் இல்லையா. முன்பெல்லாம் இந்த இடத்தில்தான் நூல் அறுந்துபோகும். மாமியார் ஊர் நர்சுக்கு அவள் கணக்கில் இல்லை, தாய்வீட்டு ஊர் நர்சுக்கு அவளைத் தெரியாது. 2008-இல் வந்த பிக்மி பதிவுமுறைக்கு அப்புறம் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் எண் உண்டு. இப்போது பன்னிரண்டு இலக்கம். எங்கே போனாலும் அதைத் தட்டினால் எத்தனையாவது மாசம், எவ்வளவு இரத்தம், என்ன ஊசி போட்டது எல்லாம் தெரியும்.

அப்படியிருந்தும் நர்சம்மா அந்த ஊர்ச் செவிலியருக்குப் போன் போட்டாராம். சித்தி பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறார். எண்ணைச் சொல்லிவிட்டு, 'எல்லாம் அதுல இருக்கும் சிஸ்டர். ஒண்ணு மட்டும் இருக்காது. டீயோட மாத்திரை போட்டுருவா, அதைப் பாத்துக்கிடுங்க. நூல் டப்பாவுலதான் வச்சிருக்கா, அங்க கொண்டு போனாளான்னும் ஒரு வார்த்தை கேளுங்க.'